நாக்கில் வைத்துப் பார்த்தவள்

பார்க்காத ஒன்றைப் பார்த்தேன் என்று ஒரு பெண்ணிடம் சொன்னேன். அவள் நம்பினாள். அதனால் அவளுடைய கணவரின் வலது கையும் வலது காலும் பேச்சும் போயின. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடைசிக்கு வைத்தால், அதற்கு முன் வரும் பக்கங்களில் என்னைக் கொஞ்சம் நல்லவனாகக் காட்டிவிடுவேன். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

அவள் மன்னார்ப் பக்கம் உயிலங்குளத்தில் மா அரைக்கும் மில் வைத்திருந்தாள். சண்டை முடிந்து, இந்தியாவில் முகாம்களில் கிடந்த சனங்கள் ஒவ்வொரு குடும்பமாகத் திரும்பி வந்துகொண்டிருந்த காலம். வளவுகளில் பற்றை வெட்டி, தகரக் கொட்டில் போட்டு, பாதிப் பேருக்குக் கிணறே இல்லாத நேரத்தில் அவளும் கணவரும் ஒரு மில்லைத் தொடங்கியிருந்தார்கள். ஒரேயொரு மெஷின். அரிசிக்கும் அதுதான், உழுந்துக்கும் அதுதான், செத்தல் மிளகாய்க்கும் அதுதான். காலையில் அரிசி, குரக்கன். மத்தியானத்துக்குப் பிறகு மிளகாய், மல்லி.

ஒரே மெஷினில் மிளகாயும் அரிசியும் அரைக்கும் மில்களை நான் வேறு இடங்களிலும் பார்த்திருக்கிறேன். ஒரு பிடி உமியைப் போட்டு ஓட்டிவிட்டு அடுத்த அரிசியைக் கொட்டுவார்கள். இவள் அப்படிச் செய்யமாட்டாள். ஒவ்வொரு நாளும் காலையில் தன் சொந்தக் குறுணல் அரிசியை மூன்று தரம் போட்டு அரைப்பாள். மூன்றாம் தரம் விழும் மாவில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைப்பாள். வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். வாசலில் பெண்கள் பாத்திரங்களோடு நிற்பார்கள்.

"அக்கா, உன்ர நாக்குக்காக நாங்கள் எவ்வளவு நேரம் காவல் நிக்கிறது?"

"உன்ர பேரன் கஞ்சி குடிச்சிட்டுக் கத்தினா, நீ என்னைத்தானே திட்டுவாய்? நில்லு."

"உறைச்சா உடன தெரியாதே?"

"தெரியாது. உறைப்பு உடன வராது. கொஞ்சம் பொறுத்துத்தான் வரும்."

திருப்தியில்லையென்றால் நான்காம் தரமும் குறுணல் போடுவாள். அந்த மாவெல்லாம் அவர்களுடைய மாட்டுக்குப் போனது. அந்த மாடு மிளகாய் தின்று பழகிவிட்டது, இனி அதற்கு வைக்கோலில் சம்பல் போட வேண்டும் என்று அவளுடைய கணவர் சொல்லிச் சிரிப்பார். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. மெஷினுக்குப் பின்னால் ஒரு மர வாங்கில் உட்கார்ந்து பெல்ட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குப் பிரஷர் இருந்தது. மாதம் ஒருமுறை பஸ் ஏறி மன்னார் ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போய், விடியவே இலக்கம் எடுத்து, மத்தியானம்வரை வரிசையில் நின்று குளிசை வாங்கி வருவார். போகும் நாளெல்லாம் சலித்துக்கொள்வார்.

மாவை நாக்கில் வைத்துப் பார்ப்பதுபோல, மனிதர் சொல்வதையும் அவள் வைத்துப் பார்ப்பாள். யார் எந்தச் செய்தி கொண்டுவந்தாலும் அவளிடமிருந்து ஒரே கேள்விதான் வரும்.

"பார்த்தனீங்களோ, கேட்டனீங்களோ?"

ஒருநாள் கிராம சேவகர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, வீட்டுத் திட்டப் பட்டியலில் அவர்களுடைய பெயர் வந்துவிட்டது என்றார். நல்ல செய்தி சொன்ன முகத்தோடு ஒரு தேத்தண்ணியை எதிர்பார்த்து நின்றார்.

"பார்த்தனீங்களோ, கேட்டனீங்களோ?"

"கந்தோரில சொன்னவை, அக்கா."

"அப்ப பார்த்திட்டு வாங்கோ தம்பி. பேந்து சந்தோசப்படுறன்."

அவர் தேத்தண்ணி இல்லாமல் போனார். மறுகிழமை பட்டியலைப் படம் எடுத்துக்கொண்டு வந்து காட்டினார். அன்றைக்குத்தான் தேத்தண்ணி கிடைத்தது, வடையோடு.

இது திமிர் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவளுடைய கணவர்தான் காரணத்தைச் சொன்னார். மண்டபம் முகாமில் இருந்தபோது, பின்னால் வந்த படகு ஒன்று கவிழ்ந்து அவளுடைய தம்பி கடலோடு போய்விட்டான் என்று ஒருவர் வந்து சொன்னாராம். அவர் பார்க்கவில்லை. இன்னொருவர் சொல்லக் கேட்டவர். இவர்கள் அழுதார்கள், எட்டுச் செலவு செய்தார்கள், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் செய்தார்கள். அந்தத் துக்கத்தில் விழுந்த தாய் பிறகு எழும்பவேயில்லை. தாயை எரித்த அடுத்த மாதம் தம்பி வேறொரு முகாமிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினான், கையில் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு.

"உயிரோட இருந்தவனுக்கு அந்தியேட்டி செய்தனாங்கள், மாஸ்டர்," என்றார் அவர். "அண்டையில இருந்து இவள் கேட்ட கதை ஒண்டையும் எடுக்கிறேல்ல. பார்த்தன் எண்டு ஆராவது சொன்னா மட்டும் அப்பிடியே நம்புவாள்."

அதை அவர் என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது.

நான் இரசாயனம் படிப்பித்தவன். முப்பது வருடம் வகுப்பில் நின்றேன், அதில் சில வருடம் முகாம் மரநிழலில். திரும்பி வந்தபோது ஓய்வு வயது தாண்டியிருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் புது ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். கிணறு, தகரம், விதைநெல் என்று ஊர் அலைந்துகொண்டிருந்த நேரத்தில் என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. இதைச் சாட்டாகச் சொல்லவில்லை. எனக்குப் பசி இருந்தது, சோற்றுக்கு அல்ல.

அப்போதுதான் வெளிநாட்டிலிருந்த என் மருமகன் ஒரு பெட்டி அனுப்பினான். அவன் குளிசை அடைக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தான். பெட்டி நிறையச் சிவப்புக் குளிசைப் போத்தல்கள். மிளகாயின் உறைப்புக்குக் காரணமான சத்தைப் பிரித்தெடுத்து அடைத்தவை. மருந்தல்ல, உணவோடு சேர்த்து எடுக்கும் துணைச்சத்து. கூடவே ஆங்கிலத்தில் ஆறு பக்கக் கடதாசி. 'மாமா, சனத்துக்குச் சும்மா குடுங்கோ. தமிழில ஒரு துண்டு எழுதி விடுங்கோ' என்று எழுதியிருந்தான்.

ஆறு பக்கத்தில் முதல் இரண்டைத்தான் வாசித்தேன். உடம்புச் சூட்டைக் கூட்டும், பசியைக் குறைக்கும், கொழுப்பைக் கரைக்கும், இரத்த அழுத்தத்துக்கும் நல்லது என்று அங்கே இருந்தது. நானும் இரண்டு மாதம் போட்டுப் பார்த்தேன். மெலிந்தேன். அதே இரண்டு மாதத்தில்தான் தேத்தண்ணிக்குச் சீனியை விட்டிருந்தேன், பஸ் சரியாக ஓடாததால் எல்லா இடத்துக்கும் சைக்கிளில் போய்வந்தேன். ஒரு பரிசோதனையில் மூன்று விஷயத்தை ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று சொல்லமுடியாது. இதைப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் படிப்பித்தவன் நான். என் உடம்பு என்று வந்தபோது மறந்துவிட்டேன்.

ஒரு பக்கத்தில் தமிழ்த் துண்டு எழுதி, கீழே 'ஓய்வுபெற்ற இரசாயன ஆசிரியர்' என்று போட்டு, பிரதி எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனேன். ஊர்ப் பெண்களெல்லாம் ஓரிடத்தில் கிடைப்பது அங்கேதான். மிளகாய் அரைக்கும் நேரம். எல்லோரும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். நான் வாசித்து முடித்ததும் அவள்தான் முதலில் பேசினாள்.

"மாஸ்டர், மிளகாயில மருந்து இருக்கெண்டா நான் நூறு வயசு இருக்கவேணும். வருசம் முழுக்க இதைத்தானே சுவாசிக்கிறன். எனக்குத் தும்மலே நிக்குதில்லை."

எல்லோரும் சிரித்தார்கள்.

"மூண்டு நேரமும் உறைப்புத் தின்னிற சனம் நாங்கள். அப்ப ஏன் கிளினிக்கில அவ்வளவு வரிசை?"

அது நல்ல கேள்வி. அந்த ஆறு பக்கத்தையும் எழுதியவர்களைக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. எனக்கு முகம் சூடானது. கறியில் போடுவது வேறு, அளந்து பிரித்தெடுத்தது வேறு என்று பாடம் நடத்தினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நான் எதிர்பார்த்ததையே கேட்டாள்.

"சரி. இதால பிரஷர் இறங்கின ஆளைப் பார்த்தனீங்களோ, கேட்டனீங்களோ?"

ஒரு கணம் இருந்தது. கேட்டனான், வாசித்தனான் என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் சிரித்திருப்பார்கள், நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

"பார்த்தனான்," என்றேன்.

"ஆரை?"

"மன்னாரில ஒரு ஆள். முந்திக் கச்சேரியில அரசாங்கக் கிளாக்கரா இருந்தவர். பிரஷர் வடிவா இறங்கியிட்டுது. இப்ப கிளினிக்குக்கே போறேல்ல."

அப்படி ஒருவர் இல்லை. கிளினிக்குக்குப் போவதில்லை என்பதை ஏன் சேர்த்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பொய்க்கு ஒரு முகம் வேண்டியிருந்தது, அந்த முகத்துக்கு ஒரு சங்கதி வேண்டியிருந்தது.

அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு ஒரு போத்தலை வாங்கிக்கொண்டாள். அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் வாங்கினார்கள். பின்னால் வாங்கிலிருந்து கணவர் சொன்னார்: "அப்ப எனக்கும் கிளினிக் முடிஞ்சுது!"

நானும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன். மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை.

கொஞ்ச நாளில் அவர் என்னைக் கண்டு, வயிறு எரிகிறது என்றார். "எரிஞ்சாத்தான் வேலை செய்யுதெண்டு அர்த்தம், தம்பி," என்றேன். மோர் குடித்துக்கொண்டு தொடர்ந்து போட்டார். கிளினிக் நாள் மூன்று வந்து போனது. மூன்றுக்கும் அவர் போகவில்லை. அவளும் அனுப்பவில்லை. நான் பார்த்தேன் என்று சொல்லியிருந்தேனே.

நாலாம் மாதம் ஒரு காலை, குறுணல் சாக்கைத் தூக்கப்போனவர் அப்படியே சரிந்தார். லான்ட்மாஸ்டர் உழவு மெஷின் பெட்டியில் போட்டு மன்னாருக்குக் கொண்டுபோனோம். நானும் கூடப் போனேன். வாயின் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. டொக்டர் இளம் பிள்ளை. கிளினிக் கொப்பியை வாங்கிப் புரட்டிவிட்டு, "மூண்டு மாதமா ஏன் அம்மா வரேல்ல?" என்று கேட்டார்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த ஏதோ அறிவித்தலை வாசித்தேன்.

"எங்கட பிழை, டொக்டர்," என்றாள்.

குளிசை ஒழுங்காகப் போட்டிருந்தாலும் இது வந்திருக்கக்கூடுமா என்று டொக்டரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "வரக்கூடும். விட்டபடியால் வாறதுக்கான வழியைத் திறந்து விட்டிருக்கினம்," என்றார். அந்த 'வரக்கூடும்' என்பதைப் பிடித்துக்கொண்டு சில மாதம் வாழ்ந்தேன்.

அவர் வீட்டுக்கு வந்து, கதிரையில் சாய்த்து இருத்தப்பட்ட பிறகு, நான் ஒரு பை தோடம்பழத்தோடு பார்க்கப் போனேன். அவள் மிளகாய் அரைத்துவிட்டு வந்தாள். அவருடைய வலது கண்ணிலிருந்து எப்போதும் தண்ணீர் வடிந்தது. துடைப்பதற்கு முன் அவள் கைக்குத் தேங்காயெண்ணெய் பூசித் தேய்த்தாள், தவிட்டால் உரசினாள், சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். பிறகு விரல் நுனியைத் தன் நாக்கில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். உறைப்பு இல்லை என்று தெரிந்த பிறகுதான் அவருடைய முகத்தைத் தொட்டாள்.

துடைத்தபடியே சொன்னாள்: "மாஸ்டர், அந்த மன்னார் ஐயாவை எனக்கு ஒருக்காக் காட்டுங்கோ."

"ஆரை?"

"கச்சேரியில இருந்தவர் எண்டு சொன்னீங்களே. கிளினிக்குக்குப் போகாமல் இருக்கிறவர். அந்த மனிசனுக்கும் இப்பிடி வந்திடப்போகுது. நான் நேர போய்ச் சொல்லவேணும்."

அவர் கொழும்புக்கு மகளிடம் போய்விட்டார் என்றேன்.

"அட்ரஸ் எடுத்துத் தாங்கோ. என்ர தம்பி கொழும்புப் பக்கம்தான் லொறி ஓடுறான்."

தம்பி என்றால் அந்தத் தம்பிதான். அந்தியேட்டி செய்யப்பட்டவன். நான் வீட்டுக்கு வந்து அந்த ஆறு பக்கத்தைத் தேடி எடுத்தேன். மிச்ச நாலு பக்கத்தையும் அன்றைக்குத்தான் வாசித்தேன். ஆய்வுகளில் பல எலிகளில் நடந்தவை. மனிதரில் நடந்தவை சிறியவை, சில கிழமைகளோடு முடிந்தவை. பசி சற்றுக் குறைந்ததாகச் சிலவற்றில் தெரிந்தது. இரத்த அழுத்தத்தில் சிலவற்றில் சிறிய மாற்றம், சிலவற்றில் ஒன்றுமேயில்லை. தோலில் பூசும் களிம்பாக நரம்பு வலிக்கு இதே சத்து உதவுவதற்கு இதைவிட நல்ல ஆதாரம் இருந்தது, ஆனால் அது வேறு விஷயம். விழுங்கும் குளிசையை எந்த நோய்க்கும் மருந்தென்று சொல்ல ஆதாரம் போதாது, வயிற்றெரிவு வரலாம், வைத்தியர் தந்த மருந்தை நிறுத்தவே வேண்டாம். எல்லாம் நேர்மையாக எழுதப்பட்டிருந்தது. கடைசிப் பக்கத்தில் இருந்தது.

மறுநாள் போய்ச் சொன்னேன். அப்படி ஒரு ஆள் இல்லை, தங்கச்சி. நான் பார்க்கேல்ல. கேட்கவும் இல்லை. நானாச் சொன்னனான்.

அவள் அழவில்லை, ஏசவில்லை. குறுணலை மெஷினுக்குள் கொட்டிக்கொண்டிருந்தவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"அப்ப கொழும்பில ஒருத்தருக்கும் சொல்லத் தேவையில்லை," என்றாள். பிறகு, "எனக்குச் சொல்லி என்ன செய்ய? எல்லாரும் நிக்கேக்க வாங்கோ. அண்டைக்குச் சொன்ன இடத்திலயே சொல்லுங்கோ."

மத்தியானம் போனேன். மிளகாய்த் தூள் மூக்கில் ஏறிக்கொண்டிருக்க, அந்தக் கடைசிப் பக்கத்தைத் தமிழில் வாசித்தேன். நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். வாசலில் நின்ற ஒருத்தி கேட்டாள்.

"அப்ப நீங்கள் மெலிஞ்சது, மாஸ்டர்?"

"சீனி விட்டதால. சைக்கிள் ஓடினதால."

"இல்லை இல்லை, குளிசையாலதான். எனக்கும் இடுப்பு நோ குறைஞ்சது."

"மாஸ்டருக்கு மருமோனோட ஏதோ கோவம் போல," என்று இன்னொருத்தி மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. முதல்தரம் நான் சொன்னபோது ஒரே நாளில் நம்பிய ஊர், அதைத் திருப்பி எடுக்க விடவில்லை. என் துண்டுக்கு யார் யாரோ பிரதி எடுத்திருந்தார்கள். விடத்தல்தீவில் ஒரு மீன்பிடிச் சாமான் கடைச் சுவரில் அது ஒட்டப்பட்டிருப்பதாகக் கேள்விப்பட்டு, கேட்டதோடு நில்லாமல், போய்ப் பார்த்தேன். இருந்தது. என் பட்டத்தோடு. அனுமதி கேட்டுக் கிழித்தேன். ஒரு மாதம் சைக்கிளில் அலைந்து கிடைத்தவற்றையெல்லாம் கிழித்தேன். எத்தனை மிச்சம் என்று தெரியாது. மருமகன் பிறகு என்னோடு கதைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் காலை ஏழு மணிக்கு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவளுக்கு அந்த நேரம் மில்லில் குறுணல் ஓட்டும் நேரம். அவரை எழுப்பி இருத்தி, கஞ்சி பருக்கி, கிளினிக் குளிசைகளைப் போட்டுவிடுவது என் வேலை என்று நானே எடுத்துக்கொண்டேன். மாதம் ஒருமுறை ஓட்டோவில் மன்னாருக்குக் கூட்டிப்போய் வரிசையில் நானே நின்றேன். வாங்கோ என்று அவள் சொன்னதில்லை. வரவேண்டாம் என்றும் சொன்னதில்லை. அவர் பேச்சில்லாமல் இடது கையால் என் மணிக்கட்டைத் தட்டுவார். மன்னித்தாரா, தண்ணீர் கேட்டாரா என்று எனக்குப் பல தடவை விளங்கவில்லை. அந்தச் சந்தேகத்தில் எப்போதும் தண்ணீர் கொடுத்தேன்.

வேலை முடிந்து மில் வாசலுக்குப் போவேன்.

"மனிசன் குளிசை போட்டவரோ?"

"போட்டவர், தங்கச்சி."

"பார்த்தனீங்களோ?"

"பார்த்தனான்."

தலையாட்டுவாள். மத்தியானம் வீட்டுக்கு வந்ததும், குளிசை அட்டையைக் கையில் எடுத்து, வெறுமையான குழிகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்ப்பாள். அதுவரை அவரோடு இருக்கும் என் முன்னாலேயே பார்ப்பாள். என்னை நோகடிக்க அல்ல. மாவை நாக்கில் வைப்பதுபோலத்தான். முதல் வருடம் எனக்கு அது சுட்டது. பிறகு, அவள் வரும்போது அட்டையை நானே எடுத்துக் கதிரைக் கையில் வைத்தேன். நான்கு வருடம் இப்படிப் போனது.

கடைசி நாளும் ஏழு மணிக்குத்தான் போனேன். கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. அவர் எழும்பவில்லை. கையைத் தொட்டுப் பார்த்தேன், மூக்கின்கீழ் விரல் வைத்தேன். கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றுவிட்டு மில்லுக்கு நடந்தேன். அடுத்த நாள் கோயில் பொங்கலுக்கு மில் பூட்டு என்றபடியால் அன்றைக்கு வழமைக்கு மாறாகக் காலையிலேயே மிளகாய் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் ஐந்தாறு பெண்கள் நின்றார்கள்.

"தங்கச்சி, அவர் போயிட்டார்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பார்த்தனீங்களோ?"

"பார்த்தனான்."

மோட்டரை நிறுத்தினாள். ஓடவில்லை. வீட்டுக்கு நடந்து போனாள், நாங்கள் பின்னால் போனோம். கதவடியில் இருந்த எண்ணெய்ப் போத்தலை எடுத்துக் கைகளில் ஊற்றித் தேய்த்தாள். தவிட்டால் உரசினாள். சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். ஒரு பெண் விம்மத் தொடங்க, "பொறு" என்றாள். விரல் நுனியை நாக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அவ்வளவு நேரம் அவள் நின்றதை நான் ஒருநாளும் கண்டதில்லை.

பிறகு உள்ளே போய் அவருடைய முகத்தைத் தொட்டாள். கன்னத்தில் கையை வைத்தபடி, வாசலில் நின்ற பெண்களைப் பார்த்துச் சொன்னாள்.

"ஓம். மாஸ்டர் சொன்னது சரி."